கூண்டுக்குள் ஓர் அமானத்: பச்சோந்தியின் உணவும் நமது பொறுப்பும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வீட்டில் உயிரினங்களை வளர்ப்பது பற்றி மதரஸா ஆசிரியர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் காலத்துக்கேற்ப மாறி வருகின்றன. முன்பு பூனை வளர்க்கலாமா, கிளியைக் கூண்டில் வைக்கலாமா, மீன்தொட்டி அமைக்கலாமா என்று கேட்டார்கள். இப்போது வளைகுடா நாடுகளில் குடும்பத்தோடு வாழும் சகோதரர்கள் சிலர், "பிள்ளை பச்சோந்தி கேட்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். பெருநாள் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு, செல்லப்பிராணிக் கடையின் கண்ணாடிக்கு முன்னே நின்று வாப்பாவின் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைகள் இன்று பெருகிவிட்டார்கள்.

"கூடுமா, கூடாதா" என்பது இக்கேள்வியின் பாதிதான். அது என்ன உண்ணும், அதை அன்றாடம் யார் கொடுப்பார், எத்தனை ஆண்டுகள் கொடுப்பார் என்பது மறுபாதி. நம்மில் பெரும்பாலோர் முதல் பாதிக்கு விடை கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறோம். மறுபாதிக்கு விடை தெரியாததால் அந்த உயிர் சில மாதங்களில் கைகால் வளைந்து, வாய் திறக்க முடியாமல் இறந்துபோகிறது. இக்கட்டுரை அந்த மறுபாதியைப் பற்றியது.

மார்க்கம் காட்டும் இரண்டே வழிகள்

பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அப்பெண் தண்டிக்கப்பட்டதற்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய காரணத்தைக் கவனியுங்கள். அடைத்து வைத்தவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்னட்டும் என்று விடவும் இல்லை.

ஆக, ஓர் உயிரைப் பொறுத்தவரை நமக்கு முன்னே இரண்டு வழிகள் மட்டுமே உள்ளன. ஒன்று, அதன் உணவை நாமே பொறுப்பேற்றுக் கொடுப்பது. மற்றது, அல்லாஹ்வின் பூமியில் அது தன் ரிஸ்கைத் தேடிக்கொள்ள விட்டுவிடுவது. அடைத்தும் வைத்து, உரிய உணவும் தராமல் இருக்கும் மூன்றாவது வழி மூடப்பட்டுவிட்டது. அந்த நபிமொழியில் சுட்டப்படும் பூச்சி புழுக்களே பச்சோந்தியின் இயல்பான உணவு என்பதால், இந்தப் பிராணியை வளர்ப்போருக்கு அச்செய்தி இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது.

வளர்ப்பதே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவரிடம் ஒரு சிறு பறவை இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அவரைக் காணும்போது அப்பறவையைப் பற்றி அன்போடு விசாரித்திருக்கிறார்கள். சரியாகப் பராமரித்தால் பிராணிகளை வளர்க்க அனுமதி உண்டு என்பதற்கு இச்செய்தியை அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஊர்வனவற்றை விலைக்கு வாங்குவது, விற்பது பற்றி மத்ஹபு நூல்களில் தனி விவாதங்கள் உள்ளன. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். வாங்கியபின் வரும் கடமையைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம்.

அக்கடமைக்கு ஃபிக்ஹ் நூல்களில் 'நஃபகா' என்று பெயர். மனைவி மக்களுக்குக் கொடுக்கும் நஃபகாவைப் போலவே, உடைமையில் இருக்கும் பிராணிக்கும் நஃபகா உண்டு. உண்ணத்தகாத பிராணியின் உரிமையாளர் அதற்குத் தீனி கொடுக்க மறுத்தால், தீனி கொடு அல்லது விற்றுவிடு என்று நிர்ப்பந்திக்கப்படுவார் என ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, ஒரு பிராணிக்கு அதன் இனத்துக்கு ஏற்ற செலவைச் செய்ய வேண்டும் என்பதை முதலில் வைக்கிறார்கள். அது முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அச்செலவு தொடர வேண்டும். தன் இனத்தைச் சேர்ந்ததோ வேறு இனமோ, அதற்குத் தொல்லை தரும் பிராணியோடு அதைச் சேர்த்து வைக்கவும் கூடாது.

'அதன் இனத்துக்கு ஏற்ற' என்னும் சொல்லில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. வயிற்றை நிரப்புவது வேறு, அதன் படைப்புக்கு ஏற்ற உணவைத் தருவது வேறு. வயிறு நிறைய உண்டும் பட்டினியால் சாகும் உயிருக்குப் பச்சோந்தியைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

கடையில் இருப்பது எந்தப் பச்சோந்தி?

உலகெங்கும் செல்லப்பிராணியாக அதிகம் வளர்க்கப்படும் பச்சோந்திகளுள் ஒன்று, தலையில் உயர்ந்த கொண்டை உடைய யமன் நாட்டுப் பச்சோந்தி. யமனின் மலைப்பகுதிகளும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைகளும் அதன் தாயகம். ஆண், வாலோடு சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு அடி வரை வளரும். நல்ல பராமரிப்பில் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழும். முட்டையிடும் சுமையால் பெண்ணின் ஆயுள் சற்றுக் குறைவு.

தமிழில் 'பச்சோந்தி' என்பது பழிச்சொல். நிலையில்லாத மனிதனை அப்படித் திட்டுகிறோம். அரபியில் அதன் பெயர் 'ஹிர்பா'. ஒரு கிளையைப் பற்றிக்கொள்ளும் வரை முந்தைய கிளையை அது விடாது என்பதைக் கண்ட அரபிகள், முன்னெச்சரிக்கை மிக்க மனிதரை ஹிர்பாவோடு ஒப்பிட்டார்கள். நம் ஊர்ச் சிறுவர்கள் பல்லியைக் கொல்லும்படி வந்த நபிமொழியைக் காரணம் காட்டி ஓணானையும் பச்சோந்தியையும் கல்லால் அடிப்பதுண்டு. அச்செய்தியில் வரும் சொல் 'வஸக்'. அது பல்லியைக் குறிப்பது. ஹிர்பா வேறு பிராணி. அதற்கு விஷமும் கிடையாது. பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வயிறு நிறைந்தும் பட்டினி

பச்சோந்தி உயிருள்ள, அசையும் பூச்சியைக் கண்டு, தன் உடலின் நீளத்தையும் மிஞ்சும் நாக்கை எறிந்து பிடித்து உண்ணும். வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கொடுப்பது, கடைக்காரர் 'கிரிக்கெட்' என்று சொல்லும் சுவர்க்கோழிப் பூச்சி. பெட்டியாக விற்கிறார்கள், வாங்கி வந்து கொட்டினால் பச்சோந்தி ஆவலோடு பிடித்துத் தின்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது என்று வீட்டார் மகிழ்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எலும்புள்ள பிராணிக்குச் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் ஏறத்தாழ இரண்டு பங்கும், பாஸ்பரஸ் ஒரு பங்கும் என்ற அளவில் உணவில் இருப்பது நலம். சுவர்க்கோழியிலோ இது தலைகீழாக இருக்கிறது. பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். நாள்தோறும் அதை மட்டுமே உண்டால் இரத்தத்தில் கால்சியம் குறையும். உடல் அந்தக் குறையை ஈடுகட்டத் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். எலும்பு மென்மையாகும், கால்கள் வளையும், தாடை ரப்பரைப் போலாகும், கிளையைப் பற்றும் பிடி தளரும், நாக்கு இரையை எட்டாது. வளரும் குஞ்சுகளிடம் இது விரைவாகவே தோன்றும். ஊர்வன வளர்ப்பில் மிகப் பரவலாகக் காணப்படும் நோய்களுள் இதுவும் ஒன்று. முழுக்க முழுக்க நம் கவனக்குறைவால் வருவது. முற்றி வளைந்த எலும்பு மருந்தால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

"காட்டில் அதற்கு யார் பவுடர் தூவுகிறார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காட்டில் அது ஒரே வகைப் பூச்சியை மட்டும் உண்டு வாழ்வதில்லை. ஈ, தேனீ, வெட்டுக்கிளி, புழு, வண்டு எனப் பலவும் உண்ணும். அந்தப் பூச்சிகளின் வயிற்றில் அவை தின்ற பச்சிலைகளும் மகரந்தமும் இருக்கும். யமன் நாட்டு வகை இலைகளையும் கடித்துத் தின்னும். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்கு மேல் சூரியன் இருக்கிறது. அல்லாஹ் அமைத்த அந்த ஏற்பாட்டிலிருந்து பிரித்து அதை நான்கு சுவருக்குள் கொண்டுவந்தது நாம். பறித்ததை ஈடுசெய்வதும் நம் பொறுப்பே.

ஈடுசெய்யும் முறை

முதலாவது, பலவகை இரை. சுவர்க்கோழியோடு வெட்டுக்கிளி, பட்டுப்புழு, இதற்கென்றே வளர்க்கப்படும் கரப்பான் வகைகள் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கருப்பு சோல்ஜர் ஈயின் புழுவில் இயல்பாகவே கால்சியம் அதிகம். மாவுப்புழுவில் கொழுப்பு மிகுதி என்பதால் அது எப்போதாவது ஒருமுறை போதும். இரையின் அளவு, பச்சோந்தியின் தலை அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்திலிருந்தோ, மருந்தடித்த வீட்டிலிருந்தோ பூச்சி பிடித்துப் போடாதீர்கள். மின்மினிப் பூச்சி ஊர்வனவற்றுக்குக் கொடிய நஞ்சு. ஒன்றே உயிரைப் பறித்துவிடலாம்.

இரண்டாவது, இரைக்கே உணவு. கடையிலிருந்து வரும் பூச்சி பெரும்பாலும் பசித்த பூச்சி. வெற்று வயிறோடு அதைக் கொடுத்தால் வெற்றுக் கூட்டையே கொடுத்ததாகும். பச்சோந்திக்குக் கொடுப்பதற்கு முன் ஒன்று அல்லது இரண்டு நாட்கள் பூச்சிகளுக்கு முருங்கைக்கீரை, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி போன்றவற்றை உண்ணக் கொடுங்கள். நீர்ச்சத்துக்கும் அவையே உதவும். பாலக் கீரை கால்சியத்தை உடலில் சேரவிடாது என்பதால் அதை நம்பியிருக்க வேண்டாம். நாம் கறிவேப்பிலையையும் கீரைத்தண்டையும் தூக்கியெறியும் அடுக்களையிலேயே இதற்கு வேண்டியதில் பாதி கிடைத்துவிடும்.

மூன்றாவது, பவுடர். கால்சியம் பவுடர் வேறு, வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் வேறு, பல வைட்டமின்கள் கலந்தது வேறு. மூன்றையும் ஒன்றெனக் கருதித் தினமும் தூவுவது பெருந்தவறு. வைட்டமின் எதுவும் சேராத வெறும் கால்சியத்தை ஏறத்தாழ ஒவ்வொரு வேளையும் மெலிதாகத் தூவலாம். டி3 சேர்ந்ததும் வைட்டமின் கலவையும் பொதுவாக மாதத்துக்கு இரண்டு முறை போதும். ஒரு டப்பாவில் பூச்சிகளைப் போட்டு ஒரு சிட்டிகை தூவிக் குலுக்கினால் மேலே பனி படர்ந்ததுபோல் ஒட்டினால் போதும். மாவில் புரட்டியதுபோல் ஆகக்கூடாது. பவுடரின் வகையையும் விளக்கின் வலிமையையும் பொறுத்து அளவு மாறும். ஊர்வன பற்றி அறிந்த கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, அவர் சொல்லும் அளவையே பின்பற்றுங்கள்.

'அதிகம் கொடுத்தால் அதிகம் நல்லது' என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். டி3 மிகுந்தால் கால்சியம் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். வைட்டமின் ஏ குறைந்தால் கண் வீங்கும், மிகுந்தாலும் நஞ்சாகும். எல்லாவற்றிலும் நடுநிலையை வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது. ஒரு சிட்டிகைப் பவுடரிலும் அந்த நடுநிலை உண்டு.

நான்காவது, ஒளி. உண்ட கால்சியம் குடலிலிருந்து உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். சூரிய ஒளியில் உள்ள யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் தோலில் படும்போது பச்சோந்தியின் உடல் அதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். சன்னல் ஓரம் வைத்தால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், பயன் வராது. ஊர்வனவற்றுக்கென விற்கப்படும் யூவிபி குழல் விளக்கு கட்டாயம் தேவை. அது கண்ணுக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் நாளடைவில் அதன் யூவிபி குறைந்துவிடும். எனவே தயாரிப்பாளர் குறிப்பிடும் காலத்தில், பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், அதை மாற்ற வேண்டும். உண்டது செரிக்க வெப்பமும் தேவை. கூண்டின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஓரிடமும், விலகிக்கொள்ளக் குளிர்ந்த நிழலும் இருக்க வேண்டும். இரவில் விளக்குகளை அணைத்துவிடுங்கள். அதற்கும் உறக்கம் உண்டு.

ஐந்தாவது, நீர். கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீரென்றே உணராது. நீர் நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே அது தாகத்தால் வாடக்கூடும். இலையில் உருளும் துளியைத்தான் அது நக்கிக் குடிக்கும். காலையும் மாலையும் இலைகள் மீது நீர் தெளிக்க வேண்டும். அல்லது சொட்டுச் சொட்டாக விழும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். அதன் எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமானாலோ, கண்கள் குழி விழுந்தாலோ நீர் போதவில்லை என்று பொருள். கூண்டில் செம்பருத்திச் செடி வைத்தால் நீர்த்துளி தங்க இலையும் ஆகும், அது கடித்துத் தின்ன உணவும் ஆகும். தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் கொண்டுவந்து புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, இந்தப் பணியை அவர்களிடமே ஒப்படையுங்கள். நாம் நோன்பிருக்கும் பகலிலும் அதற்கு நீர் தெளிக்க மறவாதிருக்கட்டும்.

அளவும் பொழுதும்

ஆறு மாதத்துக்குட்பட்ட குஞ்சுக்கு நாள்தோறும் உணவு வேண்டும். வளர வளரக் குறைத்து, முழு வளர்ச்சி பெற்றதற்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் நான்கைந்து பூச்சிகள் என்ற அளவில் நிறுத்துவது நலம். கேட்கும்போதெல்லாம் கொடுப்பது பாசமாகாது. குறிப்பாகப் பெண் பச்சோந்திக்கு இதில் ஆபத்து உண்டு. ஆண் துணை இல்லாமலே அது முட்டையிடும். அதிகமாக உண்ட பெண் ஒரே ஈட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமந்து வதங்கும். ஈர மணல் நிரப்பிய ஆழமான பெட்டி இல்லையென்றால் முட்டையிட முடியாமல் உள்ளேயே தங்கி இறக்கவும் நேரிடும். தீனியை அளவோடு கொடுத்து, வெப்பத்தையும் சற்றுக் குறைத்து வைத்தால் முட்டைகளின் எண்ணிக்கை குறையும். "பெண்ணாக இருந்தால் விலை குறைவு" என்று கடையில் சொல்வதைக் கேட்டு வாங்குவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

இரவில் கூண்டுக்குள் மிஞ்சிய சுவர்க்கோழிகளை எடுத்துவிடுங்கள். உறங்கும் பச்சோந்தியை அவை கடிக்கும். இரண்டு பச்சோந்திகளை ஒரே கூண்டில் வைக்காதீர்கள். அது தனிமையில் வாழும் பிராணி. இனத்தைச் சேர்ந்த மற்றொன்றைக் கண்டாலே மன உளைச்சலில் தீனியை மறுக்கும். மேலே நாம் கண்ட இமாமவர்களின் சட்டம் இங்கே எத்தனை பொருத்தமாக அமைகிறது! அதேபோல், உறவினர் வரும்போதெல்லாம் எடுத்துக் கையில் வைத்து நிறம் மாறுகிறதா என்று காட்டுவதையும் நிறுத்துங்கள். நீங்கள் வேடிக்கையாகக் காணும் கருமை பல வேளைகளில் அதன் அச்சம்.

உயிருள்ள பூச்சியை இரையாகக் கொடுப்பது கொடுமையாகாதா என்று சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். அல்லாஹ் அதற்கு வகுத்த உணவு அது. பூனை பூமியின் பூச்சிகளைத் தின்பதை நபிமொழியே அதன் இயல்பான உரிமையாகக் குறிப்பிடுகிறது. ஆயினும், பூச்சியின் காலை ஒடித்துப் போட்டு வேடிக்கை பார்ப்பதும், பிள்ளைகள் அதைச் சித்திரவதை செய்து விளையாடுவதும் கூடாது. இரையாகும் உயிரையும் சுத்தமான இடத்தில், உண்ணக் கொடுத்து வைத்திருப்பதே முறை.

தூய்மை பற்றியும் ஒரு சொல். ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கூண்டின் தட்டைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மனிதர் பசித்திருக்க, ஓணானுக்குப் பவுடரா?"

இக்கட்டுரையைப் படிக்கும் பெரியவர்கள் சிலர் இப்படிக் கேட்பார்கள் என்பதை அறிவேன். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது பூச்சிக்குக் கேரட்டும் பச்சோந்திக்கு விளக்கும் வாங்குவது ஆடம்பரமில்லையா?

அந்தக் கேள்வியின் நியாயத்தை ஏற்கிறேன். கேட்க வேண்டிய நேரம் மட்டும் வேறு. அது வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. யோசித்துவிட்டு வாங்காமல் இருந்தால், அப்பணத்தை ஓர் ஏழைப் பிள்ளையின் பெருநாள் உடைக்குக் கொடுத்தால், அதைவிடச் சிறந்தது ஏது? வாங்கிக் கூண்டில் அடைத்தபின் அக்கேள்வியைக் கேட்டு அதன் நஃபகாவைக் குறைக்க முடியாது. அடைத்த நாளிலேயே அது நம்மீது உரிமை பெற்றுவிட்டது. ஏழைக்குக் கொடுப்பது ஸதகா; கூண்டிலுள்ள உயிருக்குக் கொடுப்பது கடன். கடனைத் தீர்க்காமல் ஸதகாவைக் காட்டித் தப்ப முடியாது.

எனவே பெற்றோருக்கு என் கருத்து இதுதான். பிராணியின் விலையைக் கேட்காதீர்கள். அது செலவில் மிகச் சிறிய பகுதி. கூண்டு, விளக்கு, ஆண்டுதோறும் மாற்றும் குழல், வாரந்தோறும் பூச்சி, மூன்று வகைப் பவுடர், மருத்துவர் இவற்றைக் கணக்கிட்டு, ஐந்து ஆண்டுகளால் பெருக்குங்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும் அந்த ஒன்றரை மாதம் யார் நீர் தெளிப்பார் என்று இப்போதே பெயர் சொல்லிப் பாருங்கள். பெயர் சொல்ல முடியவில்லையென்றால் வாங்காதீர்கள். பிள்ளையின் ஆர்வம் இரண்டு மாதத்தில் தணியும், அமானத் தணியாது.

நம் தாயகத்தில் இருப்போருக்கு இன்னொன்று. நம் ஊர்ப் புளியமரத்திலும் வேலியிலும் காணும் இந்தியப் பச்சோந்தி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படும் உயிரினம். அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். யமன் பச்சோந்தி போன்ற வெளிநாட்டு இனங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. அவற்றை வைத்திருப்போர் 2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆதாரமில்லாமல் சந்தையில் கைமாறும் பிராணியை வாங்கி, அதைக் காட்டிலிருந்து களவாடியவருக்கு நாம் துணைபோகக் கூடாது. மரத்தில் இருப்பதை மரத்திலேயே காட்டுங்கள். அதன் கண்கள் தனித்தனியே சுழல்வதையும், காற்றிலாடும் இலைபோல் அசைந்து நடப்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். பூமியில் ஊரும் எல்லாமே உங்களைப் போன்ற சமுதாயங்கள் என்று குர்ஆன் ஆறாவது அத்தியாயத்தில் கூறுவதை அங்கேயே நின்று சொல்லிக் கொடுங்கள். செலவில்லாத பாடம் அது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். இன்றே கூண்டின் அருகில் போய்ப் பாருங்கள். கால் நேராக இருக்கிறதா? கிளையை இறுகப் பற்றுகிறதா? கண் திறந்து சுழல்கிறதா? விளக்கு மாற்றி எத்தனை மாதமாயிற்று? குறை தெரிந்தால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தொடர முடியாதென்றால், முறையாகப் பராமரிக்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படையுங்கள். யமன் நாட்டுப் பிராணியை ஊர்த் தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடுவது விடுதலையாகாது; பழகாத இடத்தில் அது மடியலாம், அல்லது பெருகி அங்குள்ள உயிர்களுக்குத் தீங்காகலாம்.

அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டதையும், அது தன் உரிமையாளர் பசியோடு வைத்திருப்பதாக முறையிட்டதை அவர்கள் எடுத்துரைத்ததையும் அபூதாவூதில் படிக்கிறோம். ஒட்டகத்துக்குக் குரலாவது இருந்தது. பச்சோந்தி கத்துவதில்லை, அழுவதில்லை. நோயையும் இயன்றவரை மறைத்துக்கொள்ளும். அதன் முறையீட்டை வளைந்த காலிலும் குழிந்த கண்ணிலும் நாமே படித்துக்கொள்ள வேண்டும். படிக்கத் தவறினாலும், அதைப் படைத்தவன் அதை அறிந்தே இருக்கிறான்.

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் அதற்குரியதை அளவோடும் அன்போடும் கொடுக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! நம் பிள்ளைகளின் உள்ளத்தில் ரஹ்மத்தை விதைப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.